பிடித்த மீனை விடும் ஊர்

மீன் பிடிப்பதே குழம்புக்குத்தான் என்று வளர்ந்தவர்களுக்கு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓடும் ஓசாபிள் ஆறு வேடிக்கையாகத்தான் தெரியும். இடுப்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்காக நிற்கிறார்கள். இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியை வீசி, படாதபாடு பட்டு ஒரு ட்ரவுட் மீனை இழுக்கிறார்கள். பிறகு கையை நனைத்துக்கொண்டு கொக்கியைக் கழற்றி, மீன் தெம்பாகி வாலை அடிக்கும்வரை தாங்கிப் பிடித்திருந்து, ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். கிரேலிங் என்ற சிற்றூருக்குக் கீழே சுமார் 8 மைல் நீளத்துக்கு ஆற்றுக்குப் ‘புனித நீர்’ என்றே பெயர். அங்கே புழு கோக்கக் கூடாது. பிடித்த ட்ரவுட்டை வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது.

வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடலாம். அந்த ஊருக்குப் பெயர் வந்த கதை தெரிந்தால் அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது.

கிரேலிங் என்பது ஒரு மீனின் பெயர். முதுகில் பாய் விரித்ததுபோல் பெரிய துடுப்பு அதற்கு. 1870-களில் ரயில் வந்ததும் வெளியூர்த் தூண்டில்காரர்கள் வந்து குவிந்தார்கள். அளவும் கிடையாது, கணக்கும் கிடையாது. பிடித்த மீன் சிகாகோ உணவகங்கள்வரை போயிற்று. ஆனாலும் தூண்டிலை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. வெள்ளைப் பைன் காடுகளை வெட்டியவர்கள், பனி உருகி வெள்ளம் வரும் வசந்த காலத்தில் மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டார்கள். கிரேலிங் முட்டையிடுவதும் அதே பருவத்தில்தான். அது முட்டையிடும் சரளைக்கல் படுகையைக் கட்டைகள் உழுதுகொண்டு போயின. மொட்டையான கரைகளிலிருந்து மணல் சரிந்து மிச்சத்தை மூடியது. நிழல் இல்லாமல் தண்ணீர் சூடேறியது. போதாததற்கு, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ட்ரவுட் வகைகளும் போட்டிக்கு வந்தன. 1930-களோடு மிச்சிகனில் கிரேலிங் மீனின் கதை முடிந்தது. ஊருக்குப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

சூடுபட்ட பிறகு வந்த புத்திதான் இன்றைய ஒழுங்கு. கார் கம்பெனித் தலைவராக இருந்த ஜார்ஜ் மேசன், 1954-ல் இறந்தபோது ஆற்றின் தென்கிளைக் கரையில் சுமார் 1,500 ஏக்கரை மாநிலத்துக்கு எழுதிவைத்திருந்தார். 1959-ல் இதே ஆற்றங்கரை வீடொன்றில் கூடிய தூண்டில்காரர்கள் சிலர் ‘ட்ரவுட் அன்லிமிடெட்’ அமைப்பைத் தொடங்கினார்கள். மீன் குறைந்தால் பண்ணை மீனைக் கொண்டுவந்து கொட்டுவது அன்றைய அதிகாரிகளின் வழக்கம். ஆற்றைக் கவனித்தால் மீன் தானே பெருகும் என்பது இவர்கள் கட்சி.

மீனை விடும் கருணையைப் பெரிதாகப் பேசுகிறவர்கள் பணம் வரும் வழியை மறந்துவிடுகிறார்கள். தூண்டில் கழி, சுருள், பொய்ப்பூச்சி எதை வாங்கினாலும் அதன் விலைக்குள் ஒரு கூட்டாட்சி வரி ஒளிந்திருக்கிறது. அது மீன்வளப் பணிகளுக்காக மாநிலங்களுக்குப் போய்ச் சேரும். 1950-ல் வந்த அந்தச் சட்டத்துக்குப் பெயர் கொடுத்த இருவரில் ஒருவரான ஜான் டிங்கெல் மிச்சிகன்காரர். இதுபோக ஆண்டு உரிமம் வேறு: உள்ளூர்க்காரருக்கு 26 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 76. கொடுத்தவனுக்குக் கேட்கும் வாய் உண்டு. கிரேலிங் ஊரின் பழைய குஞ்சுப் பொரிப்பகத்தில் வணிக மீன்பண்ணை பெருகப் பார்த்தபோது, கழிவு ஆற்றில் கலக்கும் என்று தூண்டில்காரர்கள் வழக்காடினார்கள். 2018-ல் சமரசமாகிப் பண்ணை வெளியேறியது.

அவர்கள் எல்லாரையும் புனிதர் என்று சொல்வதற்கில்லை. கோடையில் தண்ணீர் சூடேறிய நேரத்தில் பிடித்து விட்ட மீன் சற்றுத் தள்ளிப் போய்ச் செத்து மிதக்கலாம். இவர்கள் கண்ணாகக் காக்கும் பிரவுன் ட்ரவுட்டோ, 1880-களில் ஜெர்மனியிலிருந்து முட்டையாக அமெரிக்கா வந்த விருந்தாளி. நீலகிரி அவலாஞ்சியில் ஆங்கிலேயர் ட்ரவுட் வளர்த்ததும் இதே மோகத்தில்தான்.

அந்த மோகத்தைப் பார்க்க ஜூன் கடைசி இரவுகளில் போக வேண்டும். ஆற்றடிச் சேற்றிலிருந்து ஹெக்ஸ் என்கிற மஞ்சள் பூச்சிகள் கிளம்பும். விளக்கை அணைத்துவிட்டு, கும்மிருட்டில் ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். பெரிய ட்ரவுட் ஒன்று பூச்சியை உறிஞ்சும் ‘ப்ளக்’ சத்தம் வந்த திசையில் நூல் போகும். படகுகளும் இந்த ஆற்றுக்கே உரியவை: நீளமாக, ஒடுங்கலாக, தட்டை அடியோடு, பின்னாலிருந்து கழி ஊன்றிச் செலுத்துவது; வேகம் குறைக்க ஒரு சங்கிலியை இழுத்துக்கொண்டு போவார்கள்.

2025-ல் அலாஸ்காவிலிருந்து வந்த கிரேலிங் வம்சத்தின் முட்டைகளை மிச்சிகன் அரசு மூன்று பூர்வகுடி இனத்தாரிடம் ஒப்படைத்தது. ஆற்று நீரே ஊடே ஓடும்படி அமைத்த பொரிப்பான்களில் அவற்றை வைத்தார்கள். மனிஸ்டீ, மேப்பிள், போர்ட்மன் ஆகிய ஆறுகளுக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. கிரேலிங் ஊர் நடுவே ஓடும் ஓசாபிளில் இன்னும் ட்ரவுட்டின் ராஜ்ஜியம்தான்.