அப்பத்தாவின் நடை



சென்ற மாதம் அன்னவாசலில் நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். இல்லத்தலைவர் தையற்கடை நடத்துபவர். மகன் வெளியூர்க் கல்லூரியொன்றில் அனிமேஷன், அதாவது சித்திரங்களை அசையச் செய்து படமாக்கும் கலையைப் பயில்கிறான். விடுமுறைக்கு வந்தவன் அறைக்குள் அடைந்து கிடக்கிறான் என்பதே தந்தையின் குறை.

“நீங்களே கேளுங்கள் ஐயா. மூன்று நிமிடப் படமாம். மூன்று மாதமாக வரைந்துகொண்டிருக்கிறான். கணிப்பொறி நொடியில் வரைந்து தரும் காலத்தில் இது எதற்கு? கடன் வாங்கியல்லவா படிக்க வைக்கிறேன்!”

அவர் கவலை நியாயமானதே. ஆயினும் அந்தக் கணக்கை நாம் மகனிடமே கேட்டோம். திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சித்திரத்தையும் இரண்டு முறை படம்பிடித்தாலும் நொடிக்கு 12 சித்திரங்கள் வேண்டும். 3 நிமிடத்திற்கு 2,160. நாளொன்றுக்கு 20 தாள் வரைந்தால் 108 நாட்கள்! அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் ஒரு தாளின் மேல் மறுதாளை வைத்து, கோடு எவ்வளவு நகரவேண்டும் என்று பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். அசைவின் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் முதலில் வரைந்து, இடைப்பட்ட நிலைகளைப் பின்னர் ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும்.

இப்பொறுமை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1956-இல் மும்பையில் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் நிறுவனம் கார்ட்டூன் பிரிவொன்றைத் தொடங்கியபோது, டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் வந்து நம் இளைஞருக்குப் பயிற்சி அளித்தார். அவர் இந்தியாவிற்கு வந்த மிஷனரிப் பெற்றோரின் மகன். புத்த ஜாதகக் கதையொன்றைத் தழுவிய ‘பேனியன் டீர்’ படம் 1957-இல் வெளிவந்தது. அன்று அங்கே தொழில் கற்றவர்களுள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ராம் மோகன். வேதியியலை விட்டுச் சித்திரத்தைப் பற்றிய அவரையே பிற்காலத்தில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று போற்றினர்.

மும்பையைச் சேர்ந்த கீதாஞ்சலி ராவ், தனிமையில் வாடும் ஒரு மூதாட்டியும் அவருடைய பூனையும் தீப்பெட்டிப் படங்களின் உலகிற்குள் சென்று உலவுவதை, ஆண்டுக்கணக்கில் தம் கையாலேயே வரைந்தார். ‘பிரின்டட் ரெயின்போ’ என்ற அந்தப் பதினைந்து நிமிடப் படம் 2006-இல் கான் திரைப்பட விழாவின் விமரிசகர் வாரத்தில் பரிசுகள் பெற்றது.

“அவர்களெல்லாம் பெரியவர்கள், இவன் என் பிள்ளை” என்றார் தந்தை.

அப்பொழுது மகன், தான் அருகிலுள்ள சித்தன்னவாசலுக்கு அடிக்கடி சென்றுவருவதாகச் சொன்னான். அங்கே குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக் குளமும் மீன்களும் யானைகளும், தூணில் கைவீசி ஆடும் நங்கையும் ஓராயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கின்றன. “அந்தக் கை இதற்கு முன் எங்கே இருந்திருக்கும், அடுத்து எங்கே போகும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்” என்றான். பிறகு ஒரு கட்டுத் தாளை எடுத்துவந்து, ஓரத்தைப் பெருவிரலால் விசிறினான்.

ஒரு மூதாட்டி நடந்தார். இடது காலைச் சற்று இழுத்து, மூன்றாம் அடியில் நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மீண்டும் நடந்தார். சென்ற ஆண்டு மறைந்த அவனுடைய அப்பத்தா!

தந்தை ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரங்கழித்து, “இன்னொரு தரம் காட்டு” என்றார். கணிப்பொறியால் ஒரு கிழவியை நடக்கவைக்க இயலும். அந்தத் தாயின் நடையை அறிந்தவர்கள் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். நாள்தோறும் துணியில் ஆயிரமாயிரம் தையல் போடுபவருக்கு, எவரும் எண்ணிப் பாராத உழைப்பின் அருமையை நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெற்றோரே, இத்தொழிலில் எல்லோருக்கும் விருதும் வருவாயும் கிட்டும் என்று நாம் கூறமாட்டோம். பிழைப்பிற்கு வழி என்னவென்று பிள்ளையைக் கேட்பது உங்கள் உரிமை, கடமையும்கூட. ஆனால் அதைக் கேட்பதற்கு முன், அவன் இரவெல்லாம் விழித்து என்ன செய்கிறான் என்று ஒருமுறை அருகில் அமர்ந்து பாருங்கள். நீங்கள் இழந்துவிட்டதாக எண்ணிய ஒன்றை அவன் உங்களுக்காகவே காத்துக்கொண்டிருக்கலாம்.

நாம் விடைபெற்றபோது கடையை அடைத்துவந்த அந்தத் தந்தை, மகனுடைய மேசை விளக்கின் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.