தலைக்கு மேல் ஒரு அம்மிக்குழவி

விமானத்தில் போக பயமா என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். எஞ்சின் நின்றுவிடும், டயர் வெடிக்கும், நடுவானில் குலுக்கும் என்று ஆளுக்கு ஒரு பயம் சொல்வார்கள். "என் தலைக்கு மேலே முன்பின் தெரியாத ஒருத்தர் பன்னிரண்டு கிலோ பெட்டியைத் திணித்து வைத்திருக்கிறாரே, அது விழுந்தால்?" என்று மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். எனக்கு இருக்கும் பயம் அதுதான். பயம் என்பதைவிட கோபம் என்றே சொல்லலாம்.

சீட்டுக்கு மேலே மூடி போட்டு இருக்கும் அந்தப் பெட்டிக்கு ஓவர்ஹெட் பின் என்று பெயர். நம்ம ஆட்கள் மேல் ரேக் என்பார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. ஆரம்ப கால விமானங்களில் இந்த ரேக்குக்கு மூடியே கிடையாது. நம்ம ஊர் ரயிலில் இருப்பது மாதிரி திறந்த பலகைதான். அதற்குப் பெயரே 'தொப்பி ரேக்'! தொப்பி, கோட்டு, கம்பளி வைப்பதற்காக வந்தது. 1970-ல் போயிங் 747 பறக்க ஆரம்பித்தபோது மூடி போட்ட பெட்டிகள் வந்தன. அப்புறம் 1987-ல் ராபர்ட் பிளாத் என்ற அமெரிக்க விமானி, நிமிர்த்தி வைத்து இழுத்துக்கொண்டு போகும் சக்கர டிராலி பேக்கைக் கண்டுபிடித்தார். மனிதர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் சக்கரம் வந்ததும் ஒரு விஷயம் நடந்தது. பையைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த காலத்தில் அது எத்தனை கனம் என்று தோள்பட்டை சொல்லிவிடும். உருட்டும்போது தெரியாது. வீட்டு வாசலில் இருந்து சீட் வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்துவிட்டு, தலைக்கு மேல் தூக்கும் அந்த ஒரு நொடியில்தான் "அடேங்கப்பா" என்று தெரிகிறது. அப்போது அதற்குக் கீழே யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

இது வரைக்கும் பயணிகள் கதை. இனிமேல்தான் வியாபாரக் கதை. (பி.காம். படிக்கிறவன் இதைச் சொல்லாமல் விட முடியுமா?)

2008-ல் எண்ணெய் விலை எகிறியபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ், செக்-இன் செய்யும் முதல் பெட்டிக்கே 15 டாலர் என்று கட்டணம் போட்டது. மற்ற பெரிய நிறுவனங்களில் பலவும் பின்னாலேயே வந்தன. ஜனங்கள் என்ன செய்வார்கள்? பெட்டியைக் கீழே கொடுத்தால் காசு, மேலே வைத்தால் இலவசம். சின்னக் குழந்தைக்குக்கூட விடை தெரியும். இந்தியாவிலும் 2021 பிப்ரவரியில், செக்-இன் லக்கேஜ் இல்லாமல் வருபவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுக்கலாம் என்று டி.ஜி.சி.ஏ. அனுமதி கொடுத்தது. 2024-ல் நம்ம நாட்டு நிறுவனம் ஒன்று, இப்படி மலிவு டிக்கெட் எடுப்பவர்கள் முன்கூட்டியே பதிவு செய்தால் கேபினுக்குள் 3 கிலோ கூடுதலாக இலவசமாகக் கொண்டு வரலாம் என்று விளம்பரமே செய்தது. 7 கிலோ என்பது 10 கிலோ ஆகிவிட்டது. அந்த 3 கிலோ விமானத்தின் வயிற்றுக்குள் போகவில்லை. உங்கள் தலைக்கு மேலே போனது.

எங்கள் பொருளாதார வகுப்பில் 'புறவிளைவு' என்று ஒரு பாடம் உண்டு. இரண்டு பேர் பேரம் பேசி லாபம் பார்க்கிறார்கள், அதன் செலவு பேரத்திலேயே இல்லாத மூன்றாவது ஆளின் தலையில் விழுகிறது. புத்தகத்தில் தொழிற்சாலைப் புகையை உதாரணமாகக் கொடுத்திருப்பார்கள். எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. விமான நிறுவனத்துக்குக் கீழே லக்கேஜ் ஏற்றி இறக்கும் செலவு மிச்சம். பெட்டிக்காரருக்கு டிக்கெட் காசு மிச்சம். ஐல் சீட்டில், அதாவது நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன மிச்சம்? இங்கே செலவு 'தலையில் விழுகிறது' என்பது உவமைகூட இல்லை, நிஜமாகவே விழுகிறது!

எவ்வளவு பலமாக விழும் என்று ஒரு சின்னக் கணக்கு போடலாம். ரேக்கில் இருந்து உட்கார்ந்திருப்பவரின் தலை வரைக்கும் சுமார் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 கிலோ பை அரை மீட்டர் விழுந்தால் அதில் இருக்கும் சக்தி, ஒரு கிலோ தேங்காய் மூன்றரை மீட்டர், அதாவது பதினோரு அடிக்கும் மேலான உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். இது விதிப்படி இருக்கும் பைக்கு. அதுவே 12 கிலோ என்றால் அதே தேங்காய் ஆறு மீட்டரில் இருந்து விழுகிறது. கிட்டத்தட்ட இருபது அடி. தென்னை மரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுக்காதே என்று பாட்டி சொன்னால் கேட்கிறோம். இங்கே மட்டும் காசு கொடுத்து உட்காருகிறோம். அதுவும் பை தட்டையாக விழாது. சக்கரம், கைப்பிடி, மூலை என்று ஏதோ ஒன்றுதான் முதலில் படும்.

"அதெல்லாம் விமானம் பயங்கரமாகக் குலுங்கினால்தானே?" என்று கேட்பீர்கள். பறக்கும்போது ரேக்கின் மூடி பூட்டித்தான் இருக்கிறது. மூடி திறந்து கிடப்பது இரண்டு நேரத்தில். ஏறும்போதும் இறங்கும்போதும். விமானம் தரையில் சமர்த்தாக நிற்கும்போதுதான் இந்த ஆபத்து அதிகம். நூற்றைம்பது பேர் ஒரே நடைபாதையில் நிற்கிறார்கள், எல்லோருக்கும் அவசரம், பாதிப் பேர் கை எட்டாமல் குதிகாலை எம்பித் தள்ளுகிறார்கள், சீட் பெல்ட் விளக்கு அணைந்த அடுத்த நொடி ஐம்பது மூடிகள் ஒரே நேரத்தில் திறக்கின்றன.

போன வருஷம் நான் வந்த ஒரு விமானத்தில் அப்படித்தான் ஆனது. (நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எல்லோரும் ஒன்றுதான்.) தரையிறங்கி நின்றதும் பின்னால் இருந்த அண்ணன் ஒருத்தர் மூடியைத் திறந்தார். உள்ளே சாய்ந்து கிடந்த இன்னொருத்தருடைய பை, ஐல் சீட்டில் இருந்த ஒரு அம்மாவின் தோளில் வந்து விழுந்தது. அறுபத்தைந்து வயதாவது இருக்கும். பைக்குள் எவர்சில்வர் சம்படம் உருண்ட சத்தம் எனக்கே கேட்டது. பைக்கு உரியவர், "சாரி ஆன்ட்டி, நான் வைக்கும்போது சரியாத்தான் இருந்துச்சு" என்றார். திறந்தவர், "என் பையே இல்லைங்க அது" என்றார். பணிப்பெண் ஐஸ் கொண்டு வந்து கொடுத்தார். அந்த அம்மா, "பரவாயில்லப்பா" என்றார். வலியில் கண் கலங்கியிருந்தது. யாரும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. நான்கு அங்குலம் தள்ளி விழுந்திருந்தால் கழுத்து.

அந்த மூன்று பேர் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. வைத்தவர், திறந்தவர், ஐஸ் கொடுத்தவர், யாரைக் குறை சொல்வது? அந்தப் பையை அங்கே போகவிட்ட ஏற்பாட்டின் மேல்தான் கோபம். தரையிறங்கியதும் ஒலிபெருக்கியில் "மேலே உள்ள பெட்டிகளைத் திறக்கும்போது கவனமாக இருக்கவும், பொருட்கள் நகர்ந்திருக்கலாம்" என்று சொல்கிறார்களே, அந்த அறிவிப்பை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். விழும் என்று அவர்களுக்கே தெரியும். தெரிந்தும், ஏற்றும்போது நிறுத்தாமல் இறக்கும்போது எச்சரிக்கிறார்கள். அதுவும் திறப்பவரைத்தான் எச்சரிக்கிறார்கள். அடி வாங்கப் போகிறவருக்கு ஒரு வார்த்தை கிடையாது.

பெரிய விபத்து என்று வந்தால் கதை இன்னும் மோசம். 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தில் கெக்வொர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் மிட்லேண்ட் நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். அந்த மோதலில் மேல் ரேக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே பிய்த்துக்கொண்டு விழுந்தன. ஒவ்வொரு ரேக்கிலும் இத்தனை கிலோ வரைதான் தாங்கும் என்று எழுதி ஒட்டியிருக்கிறது, அடுத்த முறை பாருங்கள். அந்த எடைக்குத்தான் பொறியாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எடையே போடாத பைகளை அதில் அடைத்தால் அந்தக் கணக்குக்கு என்ன அர்த்தம்?

இனி வழக்கமான எதிர்வாதங்கள்.

1. "செக்-இன் செய்தால் பெல்ட்டில் அரை மணி நேரம் நிற்க வேண்டும்." உண்மைதான். எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். உங்கள் அரை மணி நேரத்துக்கு என் மண்டையை அடமானம் வைக்க முடியாது, அவ்வளவுதான் பதில்.

2. "லேப்டாப், பவர் பேங்க் எல்லாம் கேபினில்தான் வைக்க வேண்டும்." தாராளமாக. இரண்டும் சேர்ந்தாலும் மூன்று கிலோ வராது. முன் சீட்டுக்கு அடியில் போய்விடும். மீதி ஒன்பது கிலோவில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். (ஊறுகாய் ஜாடி, இரண்டு ஜீன்ஸ், தள்ளுபடியில் வாங்கிய மிக்ஸி ஜார்!)

3. "ரேக்கைப் பெரிதாக்கிவிட்டால் போச்சு." பெரிதாக்கிவிட்டார்கள். போயிங் 2015-ல் கொண்டுவந்த புது ரேக்கில் நான்கு பைக்குப் பதில் ஆறு பை நிற்கும். பைகளை ஓரமாக நிமிர்த்தி அடுக்கலாம், அது நல்லதுதான். ஆனால் மேலே இருக்கும் மொத்த எடையும் ஏறிவிட்டதே.

4. "இதையெல்லாம் கட்டுப்படுத்த முடியாதுங்க." இதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படும் முன் தீப்பிடித்தது. மேல் ரேக்கில் ஆரம்பித்த தீ. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகம். அதே வருஷம் மார்ச் 1 முதல், பவர் பேங்கை மேல் ரேக்கில் வைக்கக் கூடாது, கையோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த நாட்டு அரசு விதி கொண்டுவந்துவிட்டது. ஐந்தே வாரம்! மனசு வைத்தால் ரேக்குக்குள் என்ன போகலாம், என்ன போகக் கூடாது என்று தீர்மானிக்க முடிகிறது. இத்தனைக்கும் நம்மிடம் 7 கிலோ, ஒரு பை என்ற விதி காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

அப்படியானால் என்னதான் செய்ய வேண்டும்? நான் கேட்பது பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை.

போர்டிங் கேட்டில் ஒரு தராசு. ஒவ்வொரு பையும் அதில் ஏற வேண்டும். அளவு தாண்டினால் பை கீழே போக வேண்டும். இப்போது சில இடங்களில் எடை போடுகிறார்கள், கூடுதல் கிலோவுக்குக் காசும் வாங்குகிறார்கள், அப்புறம் அதே பையை அதே ரேக்குக்கு அனுப்பி வைக்கிறார்கள். ரசீது போட்டால் பை லேசாகிவிடுமா?

அடுத்தது, கேபின் எடையை விற்பனைச் சரக்காக வைப்பதை டி.ஜி.சி.ஏ. நிறுத்த வேண்டும். பை விழுந்து அடிபட்ட சம்பவங்களை நிறுவனம் கட்டாயம் பதிவு செய்து, வருஷா வருஷம் தனிக் கணக்காக வெளியிட வேண்டும். கணக்கில் வராத செலவை எந்த நிறுவனமும் குறைத்ததாகச் சரித்திரம் கிடையாது. இது கணக்குப் பதிவியல் படிக்கிறவன் சொல்வது, நம்பலாம்.

கடைசியாக, அடி வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவு செய்து "பரவாயில்லப்பா" என்று எழுந்து போய்விடாதீர்கள். பணிப்பெண்ணிடம் சொல்லி எழுத்தில் பதிய வையுங்கள், சீட் நம்பரோடு போட்டோ எடுங்கள், விமான நிலைய டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணம் என்றால் 1999-ல் உருவான மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. விமானத்துக்குள்ளோ ஏறும்போதோ இறங்கும்போதோ விபத்தில் உடம்பில் காயம் பட்டால், நிரூபிக்கப்பட்ட நஷ்டத்துக்கு 1,51,880 எஸ்.டி.ஆர். வரைக்கும் "எங்கள் மேல் தவறு இல்லை" என்று நிறுவனம் கை கழுவ முடியாது. 2024 டிசம்பர் 28 முதல் இருக்கும் உச்சவரம்பு இது. ரூபாயில் ஒன்றரைக் கோடிக்கும் மேல். 'விபத்து' என்றால் பயணிக்கு வெளியே இருந்து வரும் எதிர்பாராத, வழக்கத்துக்கு மாறான நிகழ்ச்சி என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-லேயே ஒரு ஏர் பிரான்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. மேலே இருந்து பை விழுவது இதற்குப் பொருந்தும் என்பது என் வாசிப்பு. வழக்குப் போட இரண்டு வருஷம்தான் அவகாசம். ஆதாரம் இல்லாமல் போனால் ஒன்றும் கிடைக்காது.

நமக்கும் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். எந்தப் பையை யார் உதவியும் இல்லாமல், கை நடுங்காமல், என் தலைக்கு மேல் என்னால் தூக்க முடியவில்லையோ, அது இன்னொருத்தர் தலைக்கு மேல் போகக் கூடாது. முடிந்தால் வயதானவர்களுக்கும் குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் ஜன்னல் பக்கத்து சீட்டை விட்டுக்கொடுங்கள். தராசு வரும் வரைக்கும் நம்மால் ஆனது இவ்வளவுதான். தராசு வர வேண்டும் என்று கேட்பதை மட்டும் நிறுத்த வேண்டாம்.