முதல் ஒரு மணி நேரம் யாருடைய பொறுப்பு? தாய்ப்பாலும் சமூகநீதியும்

ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மருத்துவமனைச் சுவர்களில் பதாகைகள் தொங்குகின்றன. கல்லூரிகளில் உறுதிமொழி ஏற்கப்படுகிறது. இவை அனைத்திலும் அறிவுரை பெறுபவர் தாய் ஒருவரே. மருத்துவமனைக்கும் முதலாளிக்கும் அரசுக்கும் அந்த மேடையில் கடமை எதுவும் நினைவூட்டப்படுவதில்லை. இந்த மௌனத்தையே நாம் ஆராய வேண்டியுள்ளது.

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), இந்தியாவில் 88.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. ஆனால், பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 41.8 விழுக்காட்டினர் மட்டுமே. முந்தைய ஆய்விலும் (2015-16) இந்த அளவு ஏறத்தாழ இதுவே. தமிழ்நாட்டில் மருத்துவ நிலையப் பிரசவம் 99.6 விழுக்காடு, ஆயினும் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு அந்த முதல் மணி நேரம் கைநழுவுகிறது.

'படிக்காத பெண்களின் அறியாமை' என்ற வழக்கமான விளக்கம் இங்கே உடைகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் தாய் தன் வீட்டில் இல்லை. பிரசவ அறையில் இருக்கிறார். குழந்தை எங்கே கிடத்தப்பட வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வதில்லை.

உடல் கூறும் உண்மை

முதல் நாள்களில் சுரப்பது சீம்பால். மஞ்சள் நிறமும் கெட்டித்தன்மையும் கொண்ட இது, சில தேக்கரண்டி அளவே கிடைக்கும். நோய் எதிர்ப்பாற்றல் தரும் பொருள்கள் இதில் செறிந்துள்ளன. பிறந்த குழந்தையின் இரைப்பையும் மிகச் சிறியது என்பதால் இந்த அளவு போதுமானது. நஞ்சுக்கொடி வெளியேறியபின் உடலில் நிகழும் மாற்றங்களால், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நாள்களில் பால் பெருகுகிறது. குழந்தை சப்பும்போது புரோலாக்டின் என்னும் இயக்குநீர் பாலைச் சுரக்கச் செய்கிறது. ஆக்சிடோசின் அதை வெளித்தள்ளுகிறது. கடும் வலியும் அச்சமும் மன உளைச்சலும் ஆக்சிடோசினைத் தடுக்கும். ஆகவே, பிரசவ அறையில் வீசப்படும் வசவு ஒரு பெண்ணின் தன்மதிப்பைக் காயப்படுத்துவதோடு நிற்பதில்லை. குழந்தையின் உணவிலும் கை வைக்கிறது.

களப்பணியாளர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலூட்ட வேண்டும். குழந்தை வாயை அகலத் திறந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் கவ்வ வேண்டும். அதன் தாடை மார்பில் பட வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்குப் புண்ணாகும், குழந்தைக்குப் பால் போதாது. முதல் நாள்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. பத்து விழுக்காட்டை எட்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஐந்தாம் நாள் முதல் நாளைக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிப்பதும், கரிய மலம் மஞ்சளாக மாறுவதும் பால் போதுகிறது என்பதற்கான அடையாளங்கள்.

சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது, கழுதைப்பால் ஊற்றுவது ஆகியவை சாதி வேறுபாடின்றி நிலவும் பழக்கங்கள். நோய்த்தொற்றுக்கு வழிவகுக்கும் இவை கைவிடப்பட வேண்டியவையே. ஆயினும் பாட்டியின் தேன் துளியைக் கண்டிக்கும் குரல்கள், மருத்துவமனைக்குள் நுழையும் பால்மாவு டப்பாவைக் கண்டிப்பதில்லை.

பிரசவ அறையின் படிநிலை

பிறந்தவுடன் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் கிடத்துவது, பாலூட்டப் பயிற்சி பெற்றவர் உடனிருந்து உதவுவது, இருவரையும் பிரிக்காமல் வைப்பது ஆகியன உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1989இல் வெளியிட்டு, 2018இல் திருத்திய பத்துப் படிகளில் அடங்கும். தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை மூலம் நடக்கின்றன. முதுகுத் தண்டில் மயக்க ஊசி போடப்பட்ட தாய் விழிப்புடன்தான் இருக்கிறார். அவருக்கு உதவ ஓர் ஆள் இருந்தால் விரைவில் பாலூட்ட முடியும். அந்த ஓர் ஆள் இல்லாததே சிக்கல்.

குழந்தையைக் காட்டுவதற்கே காசு கேட்கப்படுகிறது, ஆணென்றால் ஒரு தொகை, பெண்ணென்றால் ஒரு தொகை என்பது ஏழை மக்களின் நெடுங்காலக் குமுறல். கொடுக்க இயலாதவருக்கு முதல் மணி நேரம் தள்ளிப்போகிறது. இதில் கடைநிலைப் பணியாளரை மட்டும் குற்றவாளியாக்குவதும் எளிய தப்பித்தலே. ஒப்பந்த முறையில் குறைகூலிக்கு உழைக்கும் அவர்களில் பலர் நம் தெருக்களிலிருந்தே செல்பவர்கள். சுரண்டலை அடித்தட்டுக்குள்ளேயே சுழலவிடும் அமைப்பையே நாம் கேள்வி கேட்க வேண்டும்.

இரண்டாம் நாள் குழந்தை அழும்போது 'பால் பத்தவில்லை' என்ற அச்சம் எழுகிறது. உடனிருந்து தேற்ற ஒருவர் இருந்தால் தீரக்கூடிய அச்சம் இது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் பால்மாவு விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் மருத்துவப் பணியாளருக்கான பரிசுகளையும் தடைசெய்கிறது. ஆனாலும் தனிமையில் விடப்பட்ட தாயிடம் டப்பா வந்து சேர்கிறது. மருத்துவக் காரணத்தால் அது தேவைப்படுவோர் உண்டு. தேவையின்றி வாங்கும் தினக்கூலிக் குடும்பமோ, செலவைத் தாங்க முடியாமல் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறது. சுத்தமான தண்ணீர் வராத குடியிருப்பில் அந்தப் புட்டியே வயிற்றுப்போக்கின் வாசலாகிறது.

விடுப்பு யாருக்கு?

முதல் நாள்களைக் கடந்தாலும், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும் என்ற அறிவுரையைப் பின்பற்றக் காலம் வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரங்கள் வழங்கியது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் நீங்கலாக, பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. பின்வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அந்த வரம்பைத் தாண்டவில்லை. செங்கற்சூளையிலும் வயலிலும் வீட்டு வேலையிலும் உழைக்கும் தலித் பெண்கள் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிதான். ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பேறுகாலத்திற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்று வாதிட்டார். ஓய்வுக் காலத்தின் செலவை அந்தப் பெண்ணின் உழைப்பால் பயனடைவோரும் அரசும் ஏற்க வேண்டும் என்பதே அவ்வாதத்தின் சாரம். நூறாண்டை நெருங்கியும் அது முழுமையாக நிறைவேறவில்லை.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஒவ்வோர் அரசு மருத்துவமனையும் முதல் மணி நேரப் பாலூட்டல் அளவை மாதந்தோறும் வெளியிட வேண்டும். அறுவைச் சிகிச்சை, சமூகப் பிரிவு வாரியாகவும் அது பிரிக்கப்பட வேண்டும். பிரசவப் பகுதியில் பாலூட்டல் உதவிக்கென நிரந்தரப் பணியிடம் வேண்டும். காசு கேட்பதைத் தடுக்கும் புகார் முறை தாய்மார்களின் பார்வையில் படுமாறு செயல்பட வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளருக்கு ஆறு மாதக் கூலியுடன் கூடிய விடுப்பு உரிமையாக்கப்பட வேண்டும்.

அடுத்த ஆகஸ்டில் கல்லூரியில் உறுதிமொழி வாசிக்கப்படும்போது, மாணவர்கள் ஒரு கேள்வியேனும் எழுப்பட்டும்: நம் மாவட்ட மருத்துவமனையில் கடந்த மாதம் எத்தனை குழந்தைகள் முதல் மணி நேரத்தில் தாயின் மார்பைச் சேர்ந்தன?