ஸாக்கேயும் பதநீரும்

ஜப்பானியர் அரிசியிலிருந்து தயாரிக்கும் ஸாக்கே என்னும் மதுவின் செய்முறையை 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டது. அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸாக்கே சாலைகள் உள்ளன. கோபே நகரத்தை அடுத்த நாடா பிரதேசத்தின் கிணற்று நீர் கடினமானது. ஆகவே அவ்விடத்து ஸாக்கே சற்று முறுக்காக இருக்குமாம். கியோட்டோவைச் சேர்ந்த ஃபுஷிமியில் நீரும் மென்மை, ஸாக்கேயும் மென்மை. ஊர்த் தண்ணீரின் குணத்தை நாக்கினாலேயே கண்டு சொல்லும் ரஸிகர்கள் அங்கே உண்டு.

மயிலாப்பூர் நேயர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். மதுவுக்குச் சிபாரிசு செய்ய நாம் புறப்படவில்லை. ஊர் பார்த்து, பருவம் பார்த்து ஒரு பானத்தை அருந்தும் பழக்கத்தைத்தான் மெச்சுகிறோம். காப்பி விஷயத்தில் நமக்கு அந்தச் சாமர்த்தியம் ஏராளமாக உண்டு. பனைமரத்தின் விஷயத்தில் மட்டும் ஏனோ இல்லை.

பனையேறி காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவிப் பானையைக் கட்டுகிறார். பானையின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால், இரவெல்லாம் சொட்டிய சாறு புளிக்காமல் நின்று பதநீராகிறது. சுண்ணாம்பு இல்லையேல் சில மணி நேரத்திற்குள் நொதித்துக் கள்ளாகிவிடுகிறது. மரமும் ஒன்று, பாளையும் ஒன்று. ஒரு கரண்டிச் சுண்ணாம்புதான் வித்தியாசம். அந்த ஒரு கரண்டியில் பனையேறியின் மானமும் பிழைப்பும் அடங்கியிருக்கின்றன. சுண்ணாம்பு குறைந்தால் போலீஸ்காரர் வருவார். அதிகமானால் குடிப்பவர் நாக்கு அரிக்கும்.

1937-ல் ராஜாஜியின் மந்திரி சபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, கள் இறக்கியவர்களுக்குப் பதநீரும் வெல்லமுமே மாற்றுத் தொழிலாகச் சொல்லப்பட்டன. நல்ல யோசனைதான். ஆனால் இறக்குவதற்கு ஆள் இருந்தால் போதுமா? குடிப்பதற்கும் ஆள் வேண்டாமா? பட்டணத்துக் குடும்பங்கள் சோடாவையும் கலர் பானங்களையும் வாங்கினவேயன்றி, பதநீரைத் தேடிப் போகவில்லை. பிறகு மதுவிலக்கு நீங்கியும் திரும்பியும் பல கோலங்கள் கொண்டது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. 2003 முதல் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் சாராயச் சத்துள்ள பிராந்தியையும் விஸ்கியையும் சர்க்காரே சில்லறையாக விற்கிறது. இந்த விசித்திரத்துக்கு வியாக்கியானம் எழுத நம்மால் ஆகாது.

சென்னையில் ருசி பார்ப்பது எப்படி? திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலில் நிற்கும் பனைதான் உயர்ந்தது என்பது அவ்வூரார் கட்சி. அந்தப் பதநீர் இங்கே வந்து சேருவதற்குள் கெட்டுவிடும். அதைக் காய்ச்சிய உடன்குடிக் கருப்பட்டிதான் நமக்குக் கிடைக்கும். பதநீராகவே வேண்டுமென்றால் செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கத்து மரங்களையே நம்ப வேண்டும். கோடையில் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் தெருமுனைகளில் பானையுடன் நிற்கிறார்களே, அவர்களிடம் காலையிலேயே போய்விடுவது உத்தமம். வெயில் ஏறிய பின் வாங்குவது வீண்.

முதலில் முகர்ந்து பாருங்கள். பனையின் வாசனை மெல்ல எழவேண்டும். புளித்த வாடை கூடாது. இனிப்பு நாக்கில் படர்ந்து உடனே விலகி, கடைசியில் சுண்ணாம்பு இலேசாகத் தெரியும். சர்க்கரையும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீரைப் பதநீர் என்று விற்பதும் உண்டு. அதில் வெறும் தித்திப்பு இருக்கும், பனை வாசனை இராது. பனையோலைப் பட்டையில் ஊற்றி, இளநுங்கைக் கிள்ளிப் போட்டுக் குடிப்பது தெற்கத்தியார் முறை. கண்ணாடித் தம்ளரில் குடித்தால் பாதி ருசி போயிற்று என்பது நம் சொந்த அபிப்பிராயம். ஐஸ் போட்டால் மீதிப் பாதியும் போய்விடும்.

விலை அதிகமென்று தோன்றினால், பேரம் பேசுமுன் அந்தப் பானை நிறைய எத்தனை மரம் ஏற வேண்டியிருந்தது என்று விற்பவரைக் கேளுங்கள். கணக்கை அவரே சொல்லுவார்.