எதிரொலிக் கருவி வாங்குமுன்

வீட்டு அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்க விரும்பும் மலையக இளைஞர்களின் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: குறைந்த விலையில் எந்த எஃபெக்ட்ஸ் புரொசெசர் நல்லது? என் பதில் சிலருக்கு ஏமாற்றமளிக்கலாம். பதிவுக்கென்றால் எதுவும் வேண்டாம்.

குரலுக்கு முழக்கமும் எதிரொலியும் சேர்ப்பது ஒரு காலத்தில் பெருஞ்செலவுக்குரிய காரியம். 1957இல் ஜெர்மனியில் வெளிவந்த ஈ.எம்.டி. 140 என்பது ஓர் எஃகுத் தகடு. அதன் எடை கால் டன்னுக்கும் அதிகம். 1986இல் அலெசிஸ் நிறுவனத்தின் மிடிவெர்ப் வந்தபோது அதே வேலை, சிறு பெட்டியொன்றில் சாதாரணக் கலைஞனுக்கும் எட்டியது. 2000இல் ஃப்ரீவெர்ப் என்ற நிரலின் மூலம் இலவசமாகவே வெளியிடப்பட்டது. இன்று சாதாரண மடிக்கணினி அதைச் சிரமமின்றிச் செய்கிறது. மென்பொருள் செய்யும் வேலைக்குத் தனிப்பெட்டி எதற்கு?

அந்தப் பணத்தை ஒலிவாங்கிக்கும் ஓடியோ இன்டர்பேஸுக்கும் நல்லதொரு ஹெட்போனுக்கும் செலவிடுங்கள். நல்லதண்ணி லயமொன்றின் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் உண்மையான எதிரி வேறு: தகரக் கூரையில் விழும் மழை, வெறுஞ்சுவரில் மோதித் திரும்பும் ஒலி. எதிரொலி இக்குறைகளை மறைக்காது, பெருக்கியே காட்டும். பாடுபவரின் பின்னாலும் பக்கங்களிலும் தடித்த கம்பளிகளைத் தொங்கவிடுங்கள்; மழை ஓய்ந்த நேரம் பார்த்துப் பதியுங்கள். இதற்குச் செலவேயில்லை.

இது பணத்தை மட்டும் பற்றிய பேச்சல்ல. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகத் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் இன்று அச்சில் உள்ளன. அவர் 1984இல் மறைந்தார். சொற்கள் தாளில் நிற்கும், மெட்டு நிற்காது. ஒப்பாரியின் இழுப்பையும், காமன் கூத்துப் பாட்டின் நடையையும், தப்பின் அடியையும் அறிந்த முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அத்தகைய பாட்டி ஒருத்தியின் குரலை எதிரொலியோடு சேர்த்துப் பதிந்துவிட்டால், பின்னர் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க இயலாது. பூச்சற்ற குரலை 24 பிட் வேவ் கோப்பாகப் பதிந்து, இரண்டு இடங்களில் பாதுகாத்துவையுங்கள். அலங்காரமெல்லாம் பிரதியில் செய்யலாம். நாளைய ஆய்வாளருக்கும் பேரப்பிள்ளைக்கும் வேண்டியது அந்த மூலக் குரலே.

காதில் சிறிது முழக்கம் கேட்டால்தான் பாடகருக்குச் சுருதி நிற்கும் என்பார்கள். நியாயமான பேச்சு. அவர் காதுக்கு அதைக் கேட்கவிடுங்கள். பதிவில் மட்டும் சேர்க்காதீர்கள். இரண்டையும் பிரித்துவைக்கப் பதிவு மென்பொருளில் வழியுண்டு.

கோயில் திருவிழா மேடையில் பாடுவோருக்கும் கிட்டார் வாசிப்போருக்கும் தனிக்கருவி தேவைதான். அவர்கள் நூறு வகை ஒலிகள் உண்டென்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். அவற்றில் நாலைந்தே பயன்படும். மூலக்குரலையும் எதிரொலியையும் வேண்டிய அளவில் கலக்கும் திருகு, ஒரே மிதியில் நிறுத்தும் வசதி, இரைச்சலற்ற வெளியீடு ஆகிய மூன்றையும் கடையிலேயே சோதியுங்கள். கனடாவிலோ அமெரிக்காவிலோ உள்ள உறவினர் அனுப்பும் கருவியென்றால், சொருகுமுன் அடாப்டரின் முதுகைப் படியுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. '100–240' என்று அச்சிட்டிருந்தால் அச்சமில்லை. 120 மட்டுமென்றால் நேரடியாகச் சொருகாதீர்கள்.

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் இதையே சொல்வேன். ஊரிலுள்ள பிள்ளைக்குப் பரிசனுப்ப விரும்பினால் நல்லதோர் ஒலிவாங்கியை அனுப்புங்கள். கூடவே, முதலில் வீட்டு முதியவரைப் பாடவைத்துப் பதியும்படி சொல்லுங்கள்.