சோதனைக்கூடப் புகையும் சயான் சாலைப் புகையும்

போன மாதம் நம் சங்கக் கூட்டத்தில் தாராவித் தம்பி ஒருவர் எழுந்து, "அண்ணே, ஹைபிரிட் பஸ் விட்டால் புகை பாதியாகிவிடும் என்கிறார்களே, உண்மைதானா?" என்று கேட்டார். மேடையில் இருந்த எங்களில் ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த ரயில்வே குமாஸ்தா, எஞ்சினியர் அல்ல. ஆனால் டைம்டேபிளில் ஓடும் ரயில் வேறு, பிளாட்பாரத்துக்கு வந்து சேரும் ரயில் வேறு என்பதை அன்றாடம் பார்ப்பவன். பஸ் புகைக் கணக்கும் அப்படித்தான் இருக்கிறது.

2018ல் பாந்த்ரா–குர்லா வளாகத்துக்கென்று 25 ஹைபிரிட் பஸ்கள் விடப்பட்டன. மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி மாளிகைகள். இந்தப் பக்கம் நாம். டீசல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த வண்டி அது. பிரேக் போடும்போது வீணாகும் வேகத்தை மின்சாரமாக்கிச் சேர்த்து வைத்து, கிளம்பும்போது செலவழிக்கும். நம் லோக்கல் ரயில் இதையே பேட்டரி இல்லாமல் செய்கிறது: பிரேக்கில் பிறக்கும் மின்சாரத்தை மேல்கம்பிக்கே திருப்பி அனுப்புகிறது. ஆகவே தத்துவத்தில் குறையில்லை. நின்று நின்று போகும் நகரத்தில் ஹைபிரிட் டீசலை மிச்சப்படுத்தும். டீசல் குறைந்தால் கரியமில வாயுவும் குறையும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தொண்ணூறடி ரோட்டில் தையல் மிஷின் முன் உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சைப் பிடிப்பது கரியமில வாயுவா? கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் அல்லவா! புது டீசல் பஸ்களில் இந்த ஆக்சைடை அடக்க, புகைக்குழாயில் யூரியாக் கரைசலைத் தெளித்து ஒரு வினையூக்கி வழியாக விடுகிறார்கள். அது சுமார் 200 டிகிரி சூடு ஏறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஊர்ந்து போகும் பஸ்ஸில் அந்தச் சூடு ஏறுவது கஷ்டம். ஹைபிரிட்டில் எஞ்சின் அடிக்கடி அணைந்தால் குழாய் இன்னும் ஆறிப்போகும். டீசல் மிச்சமாகியும் விஷப்புகை குறையாமல் போகலாம். மே மாத வெயிலில் ஏ.சி.க்காக எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்குமானால் அந்த மிச்சமும் சுருங்கும்.

அப்படியானால் சர்டிபிகேட் எப்படிக் கிடைக்கிறது? யூரோ 5 வரை, நம் பாரத் ஸ்டேஜ் 4 வரை, பஸ்ஸை அளக்கவில்லை. எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து அளந்தார்கள். யூரோ 6ல் ஐரோப்பியர் சாலையிலும் அளக்கத் தொடங்கினார்கள். அதிலும் பாருங்கள், எஞ்சினின் சராசரி சக்தி 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் பகுதிகளை முதலில் கணக்கில் சேர்க்கவே இல்லை. பிறகுதான் 10 சதவீதமாக்கினார்கள். நெரிசலில் பஸ் ஊர்கிறதே, அந்தப் பகுதிதான் தள்ளுபடி!

லண்டன்காரர்கள் வேறு காரியம் செய்தார்கள். பிரிக்ஸ்டனுக்கும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்கும் இடையே 159ஆம் நம்பர் பஸ் எங்கே நிற்கிறது, எப்படிக் கிளம்புகிறது என்று பதிவு செய்து, அதே ஓட்டத்தை உருளைகளின் மேல் ஓட்டி ஒவ்வொரு பஸ்ரகத்தையும் அளந்தார்கள். சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டுக்கு அப்படி ஓர் அளவு ஏன் கூடாது?

இன்னொன்றும் உண்டு. ஒரு காலத்தில் 4,000க்கு மேல் இருந்த பெஸ்ட் பஸ்கள் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டன. 2025 மே மாதத்தில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ஆயிற்று. பஸ்ஸை விட்டவன் ஷேர் ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் ஏறுகிறான், ரோடு அடைகிறது, பஸ் இன்னும் மெதுவாகிறது. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும் பழைய டீசல் பஸ் தலைக்கு விடும் புகையையும், ஒரு கனவானை மட்டும் சுமந்து போகும் காரின் புகையையும் சேர்த்துப் பார்த்த பிறகு பஸ்ஸைக் குற்றம் சொல்லட்டும். பஸ்ஸுக்குத் தனித்தடம் போட்டால் ஹைபிரிட்டும் திருந்தும், சாதாரண டீசலும் திருந்தும்.

ஆகவே அந்தத் தம்பிக்கு என் பதில் இது: டீசல் குறையும், விஷப்புகை குறையுமா என்பதை நம் ரோட்டில் அளந்தால்தான் சொல்ல முடியும். அளந்து, ரூட் வாரியாக, தலைக்கு இவ்வளவு என்று டிப்போவில் எழுதி ஒட்டச் சொல்லி மனு தயாராக இருக்கிறது. மராத்தியிலும் தமிழிலும் எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போட ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். பஸ் டிரைவர், கண்டக்டர் தோழர்களையும் அழைத்து வாருங்கள். நாள் முழுக்க அந்தப் புகையில் இருப்பவர்கள் அவர்கள்.