ஊருக்குள் போக ஒரு டிக்கெட்



கோட்டைக்கு டிக்கெட் வாங்கியிருப்போம். மியூசியத்துக்கு, தீம் பார்க்குக்கு வாங்கியிருப்போம். ஒரு கிராமத்துக்குள் நுழைய டிக்கெட் வாங்கியிருக்கிறீர்களா? ஆட்கள் குடியிருந்து, சமைத்து, துணி துவைத்துக் காயப்போடுகிற ஊருக்குள் போக?

இத்தாலியில் அப்படி ஒரு ஊர் இருக்கிறது. பெயர் சிவிதா. பக்கத்து ஊரின் பெயரையும் சேர்த்து சிவிதா தி பான்யோரேஜோ என்பார்கள். ரோம் நகருக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டர். உங்களில் பலர் பெயர் தெரியாமலே இதன் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பள்ளத்தாக்கின் நடுவே தனியாக நிற்கும் குன்று, உச்சியில் நெருக்கியடித்த ஓட்டு வீடுகள், ஒரு மணிக்கூண்டு, அங்கே போக நீளமாக ஒரே ஒரு நடைபாலம். கீழே பனி படர்ந்த நாளில் எடுத்த படம் என்றால் ஊர் அந்தரத்தில் மிதக்கும். வாட்ஸ்அப்பில் 'குட் மார்னிங்' சொல்வதற்கென்றே கட்டிய ஊரோ என்று தோன்றும்.

ஆனால் இந்த அழகுக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. குன்றின் மேல்பகுதி துஃபா எனப்படும் எரிமலைக் கல். அடிப்பகுதி களிமண். ஈரக் களிமண் மேட்டில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தால் என்ன ஆகும்? மழை பெய்யப் பெய்ய அடிமண் கரையும். கல் விளிம்பு விளிம்பாகப் பிளந்து சரியும். இரண்டு பக்கமும் ஓடும் ஓடைகள் பல நூற்றாண்டுகளாக இதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. ஊரின் பரப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. விளிம்பில் இருந்த தெருக்கள், வீடுகள், தோட்டங்கள் எல்லாம் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டன.

பின்னே ஏன் அங்கே போய்க் கட்டினார்கள் என்று கேட்கிறீர்களா? ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் எட்ருஸ்கர்கள் என்ற பண்டைய இத்தாலிய மக்கள் அங்கே குடியேறியபோது, உயரம்தான் பாதுகாப்பு. எதிரி வருவது தூரத்திலேயே தெரியும். துஃபா கல்லும் வெட்டுவதற்கு மென்மையானது. அதையே வெட்டி வீடு கட்டலாம். வீட்டுக்கு அடியிலேயே குடைந்து நிலவறையும் எடுக்கலாம். இன்றும் பல வீடுகளுக்குக் கீழே அந்தக் குகைகள் உள்ளன. ஒயின் பீப்பாய், எண்ணெய்ச் செக்கு, புறாக்கூண்டு என்று எத்தனையோ குடும்பங்கள் அவற்றை வைத்துப் புழங்கியிருக்கின்றன. எட்ருஸ்கர்கள் இறந்தவர்களுக்குக் குடைந்த ஓர் அறை, இடைக்காலத்தில் சிறையாக இருந்து, பிறகு மாதாவின் சிற்றாலயமாகிவிட்டது! இருக்கிற இடத்தை வீணாக்காத சனங்கள்.

இன்று நாம் காணும் ஊரின் முகம் பெரும்பாலும் இடைக்காலத்தையும் அடுத்து வந்த மறுமலர்ச்சிக் காலத்தையும் சேர்ந்தது. ஒற்றை வாசல், சான்தா மரியா வாசல். அதன் இருபுறமும் கல் சிங்கங்கள். மனிதத் தலைகளைப் பாதத்தில் அழுத்தியபடி இருக்கின்றன. தங்களை ஆட்டிப்படைத்த பிரபு குடும்பத்தை ஊர் மக்கள் விரட்டியடித்ததன் நினைவு என்று சொல்கிறார்கள். நுழைந்தவுடன் பெரிய மாளிகை ஒன்றின் முகப்பு. கம்பீரமான ஜன்னல்கள். எட்டிப் பார்த்தால் அறை இல்லை, வானம்தான் இருக்கிறது. முகப்பு மட்டும் மிஞ்ச, வீடு மலையோடு சரிந்துவிட்டது.

இந்த ஊரில் பிறந்த ஒருவரை நம் கத்தோலிக்க வாசகர்களுக்கு நன்றாகத் தெரியும். புனித பொனவெந்தூர். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். சிறு வயதில் கடுமையாக நோயுற்றபோது, அவருடைய தாய் அசிசியின் பிரான்சிஸை வேண்டி நேர்ந்துகொண்டாராம். அதனால் பிழைத்தேன் என்று பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார். உலகத்தில் எந்த ஊர் அம்மாவாக இருந்தால் என்ன, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் செய்வது ஒன்றுதானே! அந்தப் பிள்ளை 1257-இல், அதே பிரான்சிஸ் நிறுவிய பிரான்சிஸ்கன் சபைக்கே தலைவரானார். 1482-இல் புனிதர் பட்டம் பெற்றார். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவருக்குச் சொர்க்கத்தில் இடம் கொடுத்தார். அவர் வளர்ந்த வீடு மட்டும் இல்லை. வீடு நின்ற நிலமே விளிம்போடு விழுந்துவிட்டது.

1695-இல் பெரிய நிலநடுக்கம் வந்தது. சிவிதாவுக்கும் பக்கத்து மேட்டுக்கும் இடையே இருந்த வழி மேலும் சிதைந்தது. ஆயரின் (பிஷப்பின்) இருக்கை பக்கத்து ஊருக்கு, அதாவது இன்றைய பான்யோரேஜோவுக்கு மாறியது. ஊர் நிர்வாகமும் கூடவே போனது. அதற்குப் பிறகு நடந்ததை நான் விளக்கமாகச் சொல்ல வேண்டுமா? ஆபீஸ் ஒரு ஊரை விட்டுப் போனால் கடை போகும். கடை போனால் வேலை போகும். இளைஞர்கள் கிளம்புவார்கள். மாவு மூட்டையைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு, மழைக்குச் சரிகிற ஒற்றையடிப் பாதையில் ஏறி வரவேண்டிய வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வயதானவர்கள் மட்டும் 'நான் எங்கே போக' என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

பான்யோரேஜோவில் பிறந்த எழுத்தாளர் பொனவெந்தூரா தெக்கி இந்த ஊருக்கு 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்று பெயர் வைத்தார். பாசத்தில் வைத்த பெயர்தான். ஆனால் ஒட்டிக்கொண்டது. 1965-இல் இப்போதுள்ள கான்கிரீட் நடைபாலம் கட்டப்பட்டது. சுமார் 300 மீட்டர் நீளம். கார் போகாது. அதே அறுபதுகளில் ஆஸ்ட்ரா சரினா என்ற கட்டடக் கலைஞர் இங்கே வந்து வீடு வாங்கினார். லாத்வியாவில் பிறந்து அமெரிக்காவில் படித்தவர். இடிந்த வீடுகளை, அவற்றின் குணம் கெடாமல் பழுதுபார்த்தார். வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களைக் கூட்டிவந்து இங்கேயே பாடம் நடத்தினார். இடித்துக் கட்டுவது சுலபம், செலவும் குறைவு என்று எல்லாரும் நினைத்த காலத்தில், பழைய சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சரிசெய்த அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சிவிதா இன்று பார்க்கும்படி இருக்கிறதென்றால் அவருக்கும் அதில் பங்கு உண்டு.

இனி டிக்கெட் கதை.

2013-இல், பான்யோரேஜோவின் அப்போதைய மேயர் பிரான்செஸ்கோ பிஜோத்தி, பாலத்தைக் கடக்க ஒன்றரை யூரோ கட்டணம் என்று அறிவித்தார். கிராமத்துக்குக் கட்டணமா என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். கூட்டம் குறையும் என்றும் பயந்தார்கள். நடந்தது நேர்மாறு. 'காசு கொடுத்துப் பார்க்கிற அளவுக்கு அங்கே என்னதான் இருக்கிறது' என்று பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். அதுவும் சாகப்போகிற ஊர் என்றால்? போய்விடுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் யாருக்குத்தான் வராது? 2010-ஐ ஒட்டி ஆண்டுக்கு சுமார் 40,000 பேர் வந்த ஊர் அது. சில ஆண்டுகளிலேயே அந்த எண்ணிக்கை பல லட்சமானது. கட்டணமும் ஐந்து யூரோவுக்கு ஏறியது. வெனிஸ் நகரம் பகல்நேரப் பயணிகளிடம் கட்டணம் வாங்க ஆரம்பித்தது 2024-இல்தான். இந்தக் குட்டிக் கிராமம் பத்து வருஷம் முந்திக்கொண்டது.

அந்தப் பணம் என்ன ஆனது என்பதுதான் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்கள் கேட்கிற முதல் கேள்வி, இல்லையா? பான்யோரேஜோவில் உள்ளாட்சி வரிகளை நீக்கிவிட்டார்கள். வீட்டு வரி நோட்டீஸ் வராத ஒரு ஊரைக் கற்பனை செய்து பாருங்கள்! காபி கடை, சாப்பாட்டுக் கடை, தங்கும் அறை என்று பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலையும் கிடைத்தது. அந்த வகையில் டிக்கெட்டை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். பாலத்தைப் பராமரிக்க வேண்டும்; சரிகிற பாறைக்குள் எஃகுக் கம்பிகளை ஆழமாகச் செருகிப் பிடித்து வைக்க வேண்டும்; மண்சரிவைப் பற்றிச் சொல்லவே ஊருக்குள் ஒரு மியூசியம் நடத்த வேண்டும். யார் காசு? பார்க்க வருகிறவர் காசாக இருப்பதுதான் நியாயம்.

ஆனால் இன்னொரு வீட்டையும் பார்க்க வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடு. சிவிதாவில் ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். பூனைகள் அதைவிட அதிகம். அரிசி, பருப்பு மாதிரி அன்றாடச் சாமான் எதுவானாலும் சின்ன மோட்டார் வண்டியில் பாலத்தின் மேல் வந்து சேர வேண்டும். லட்சக்கணக்கில் வருகிறவர்கள் அந்தப் பத்துப் பேரின் வாசலைக் கடந்துதான் போகிறார்கள். நம் வீட்டுக் கொடியில் காயும் துணியை ஒருவர் போட்டோ எடுத்தால் சிரித்துவிட்டு விடுவோம். ஒரு நாளைக்கு நூறு பேர் எடுத்தால்? சாப்பிட உட்காரும் நேரத்தில் யாரோ ஜன்னலில் எட்டிப் பார்த்து 'வாவ்' என்றால்?

வரி தள்ளுபடி பெரும்பாலும் ஒரு ஊருக்கு. கூட்டம் வந்தது இன்னொரு ஊருக்கு. பேச்சு எழும்போதெல்லாம் 'டூரிசம் ஊரைக் காப்பாற்றியது' என்று முடித்துவிடுகிறார்கள். கல்லைக் காப்பாற்றியது, உண்மை. குடும்பங்கள் திரும்பி வந்தனவா? பெரும்பாலான வீடுகள் விடுமுறை வீடுகளாகவும் தங்கும் அறைகளாகவும்தான் மாறியிருக்கின்றன. பள்ளிக்குப் போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு அங்கே குடியேற நமக்கே மனம் வருமா, சொல்லுங்கள். கட்டண வசூலில் ஒரு பங்கை, ஆண்டு முழுக்க அங்கே தங்கச் சம்மதிக்கிற இளம் குடும்பங்களுக்கு ஒதுக்கினால் என்ன என்பது என் ஆசை. நான் மேயர் இல்லை. ஆசைப்பட மட்டும்தான் முடியும்.

இதையெல்லாம் சொல்லி உங்களைப் போகாதீர்கள் என்று தடுக்கிறேனா? நிச்சயமாக இல்லை. போங்கள். ஆனால் ரோமிலிருந்து டூர் பஸ்ஸில் வந்து, பாலத்தின் முனையில் செல்ஃபி எடுத்து, ஒரு மணி நேரத்தில் திரும்புகிற பயணமாக வேண்டாம். முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள். சாயங்காலம் கூட்டம் இறங்கிவிடும். அங்கேயே சாப்பிடுங்கள்; சுட்ட ரொட்டியில் பூண்டு தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தரும் புருஸ்கெத்தா, நம் நாக்குக்கும் பிடிக்கும். திறந்திருக்கிற கதவெல்லாம் கடை இல்லை என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

ஜூன் முதல் ஞாயிறு அல்லது செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு வாய்த்தால் அதிர்ஷ்டம். சான் தொனாத்தோ கோயில் முன்னால் இருக்கும் கல் பாவாத மண் சதுக்கத்தில், 'தொன்னா' என்ற கழுதைப் பந்தயம் நடக்கும். கழுதைகள் ஓட வேண்டிய திசையில்தான் ஓடும் என்று உத்தரவாதம் கிடையாது. பக்கத்து ஊருக்குக் குடிபோன குடும்பங்களின் பேரன் பேத்திகளும் கைதட்ட வருகிறார்கள். பெரிய வெள்ளிக்கு இன்னொரு வழக்கம். கோயிலில் இருக்கும் 15-ஆம் நூற்றாண்டு மரச் சிலுவையை ஊர்வலத்துக்காக பான்யோரேஜோவுக்கு எடுத்துப் போவார்கள். நள்ளிரவுக்குள் திரும்பாவிட்டால் சிலுவை அந்த ஊருக்கே சொந்தம் என்று ஒரு பேச்சு உண்டு. ஆயரைக் கொடுத்தாயிற்று, நிர்வாகத்தைக் கொடுத்தாயிற்று; சிலுவையையும் விடுவார்களா? ஒவ்வொரு வருஷமும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ரோமிலிருந்து ஒர்வியேதோ வரை ரயில், அங்கிருந்து பான்யோரேஜோவுக்கு பஸ். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பிக் கிளம்பாதீர்கள். நேரத்தை முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பாலத்தின் கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். வெயில் காலத்தில் நிழலே கிடையாது. முட்டி வலி உள்ள அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் காலையிலேயே ஏறிவிடுங்கள். பெரிய சூட்கேஸை இந்தக் கரையிலேயே விட்டுவிட்டு, ஒரு இரவுக்கான பையோடு போனால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்